கல் திண்டில் ஒரு தையல்

சுற்றுலா நிறுவனம் தன் கோப்பில் அவரைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தது: "பயணி எண் 14. பெண். வயது 58. இல்லத்தரசி. தொன்மையான கோயில்களிலும் சிற்பக் கலையிலும் நீண்ட கால ஈடுபாடு உடையவர். முதுகுத் தண்டில் தேய்மானம் உண்டு. மென்மையான கீழ்ப்படுக்கை அவசியம். கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது. பயணம் முழுவதும் பயணி எண் 13-இன் உதவி தேவைப்படும்."

இதில் உண்மையானவை இரண்டு: அவர் பெண், வயது ஐம்பத்தெட்டு. மற்றதெல்லாம் எழுதியவரின் கைவண்ணம்.

இந்த இல்லத்தரசி முப்பத்து மூன்று ஆண்டுகளாகக் காலை எட்டரைக்குத் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் உள்ள குஷன் பட்டறையைத் திறந்து, பேருந்து இருக்கை, தியேட்டர் நாற்காலி, டாக்டர் வீட்டு சோபா என்று எது வந்தாலும் பிரித்து, அடைத்து, தைத்து அனுப்புகிறவர். பெயர்ப்பலகையில் கணவர் பெயர் இருக்கிறது. கணவர் அளவெடுப்பார், ரெக்சின் வெட்டுவார், வாடிக்கையாளரிடம் பேசுவார். கடைசித் தையல் மட்டும் மனைவியுடையது. கடைசித் தையல் விழாத சோபா வெறும் மூட்டை என்பதால், பட்டறை யாருடையது என்ற கேள்வி அந்தத் தெருவில் எழுந்ததே இல்லை. கனம் தூக்கக் கூடாதவர், ஃபோம் சுருள்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியேறிப் பரணில் வைப்பார். மென்மையான படுக்கை இல்லாமல் முடியாதவர், மத்தியானத்தில் வெட்டு மேசைமேல் ரெக்சின் சுருளைத் தலைக்கு வைத்து இருபது நிமிடம் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறவர் கட்டைமேல் படுக்கலாமா என்று யாராவது கேட்டால், "சமைச்சவளுக்குப் பசிக்குமா?" என்பார்.

தெருவில் அவருக்குப் பெயர் 'அண்ணி'. கணவரின் தங்கை அப்படிக் கூப்பிட, அதைக் கேட்டு எதிர்வீட்டார், பால்காரர், ரெக்சின் கடைக்காரர், கடைசியில் அவரைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். கூப்பிடாதவர் கணவர் ஒருவர்தான். அவருக்கும் இரண்டொரு முறை வாய் தவறியிருக்கிறது.

அந்தத் தங்கைதான் பயணி எண் 13. முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு 'டீச்சர்'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் புத்தகங்களோடு குடித்தனம். வயதில் அண்ணியைவிட இரண்டு வருடம் பெரியவர், உறவில் சின்னவர். ஆகையால் டீச்சர் 'நீங்க' என்பார், அண்ணி 'நீ' என்பார், அதிகாரம் மட்டும் இருவரும் சமமாகச் செய்வார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பியது டீச்சர். தேய்ந்த முதுகு டீச்சருடையது. ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காதவர் என்று பள்ளியில் பாராட்டிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்திடம் போய் எனக்கு முதுகு வலி என்று எப்படி எழுதிக் கொடுப்பார்? எனவே முதுகை அண்ணியின் கணக்கில் எழுதிவிட்டார். அண்ணிக்கு அந்தத் தாள் கையெழுத்துப் போடும்போதுதான் கண்ணில் பட்டது.

"என்ன டீச்சர், எனக்கு முதுகுத் தேய்மானமா? எப்போயிருந்து?"

"போன செவ்வாய்க்கிழமையிலயிருந்து. கீழ்ப்படுக்கை உங்க பேர்ல வரும், நான் படுத்துக்குவேன்."

"சிற்பக் கலையில ஈடுபாடுன்னு வேற போட்டிருக்கே."

"அது இல்லேன்னா அந்தக் குழுவுல சேத்துக்க மாட்டாங்க அண்ணி."

"பொய் எழுதக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நீ."

"நான் வரலாறு எடுத்தவ. ஒழுக்கம் வேற டீச்சர்."

இத்தனை பொய்யும் ஒரு படத்துக்காக. வரலாற்றுப் பாடநூலின் ஏழாம் பாடத்தில், தீப்பெட்டி அளவில், மை ஈஷிய ஒரு படம். வேறொரு நாட்டில், ஒரு பாறைக் குன்றின் உச்சியில் இருக்கும் பழைய கோயிலின் சுவரில், ஒரு அரசர் ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறார். புருவம் சுருங்கியிருக்கிறது. 'கவலையில் ஆழ்ந்த அரசர்' என்று கீழே போட்டிருக்கும். அந்தச் சுருங்கிய புருவத்தை வைத்து டீச்சர் ஒரு முழு வகுப்பு நடத்துவார்: எல்லையில் பகை, கருவூலத்தில் காற்று, மக்களை எண்ணி உறங்காத மன்னன். தேர்வில் ஐந்து மதிப்பெண். முப்பத்து நான்கு வருடமும் பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர், "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள். முப்பத்து நான்கு வருடமும் டீச்சர், "பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் நின்று போயிற்று. இப்போது எலும்பு டாக்டர், "படி ஏறுறதுன்னா இந்த வருஷமே ஏறிடுங்க" என்று சொல்லியிருந்தார். குன்றுக்குப் படிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.

அண்ணன் கூடப் போயிருக்கலாம். ஆனால் தான் செய்யாத இருக்கையில் அரை மணிக்கு மேல் உட்காருவது அவருக்கு ஆகாது. "நான் போறேன்" என்றார் அண்ணி. "கோயிலை அவ பாக்கட்டும். அவளை நான் பாத்துக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். முதல் நான்கு நாளில் மூன்று கோயில்களுக்குப் போனார்கள். ஒவ்வொன்றும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. குழுவில் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்க, பதினான்காமவர் குனிந்து பார்வையாளர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இருக்கையைக் கண்டாலும் உட்காரும் முன் முஷ்டியால் மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பது அந்தக் குடும்பத்துப் பழக்கம். விமானத்தில் குத்தினார். பேருந்தில் குத்தினார். இரண்டாவது கோயிலில் அரசியின் சிம்மாசனம் என்று கயிறு கட்டி வைத்திருந்ததைக் கயிற்றுக்கு அடியில் கைவிட்டுக் குத்தப் போக, தமிழ் பேசும் வழிகாட்டி ஓடிவந்து, "அம்மா, அது ஆயிரத்து நூறு வருஷம்மா!" என்றார்.

"அதான் கேக்கறேன் தம்பி. ஆயிரத்து நூறு வருஷமா ஒரு குஷன் போடலையா?"

டீச்சர் அந்த ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் இரவு ரயில். விளம்பரத் தாளில் அதற்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்: வெள்ளை விரிப்பு, பூச்சாடி, சிரிக்கும் பெண். படம் வேறு ஏதோ ரயிலுடையது. வந்து நின்றது, எந்த நாட்டிலும் எவருக்கும் தெரிந்த அந்த இன்னொரு ரயில். பாதி மூடும் ஜன்னல், முழுதும் மூடாத கதவு, அணையாத ஒரு விளக்கு, எரியாத மூன்று விளக்கு. ஓர் அறைக்கு நான்கு படுக்கை. இவர்கள் அறையில் மூன்றாம் ஆளாகக் குழுவைச் சேர்ந்த ஒரு பல் டாக்டர் மேலே ஏறிப் படுத்துவிட்டார். நான்காவது காலி.

அண்ணி கீழ்ப்படுக்கையை மூன்று இடத்தில் குத்தினார். முகம் மாறியது.

"இது படுக்கையா, ஒட்டகமா?"

தோள் வரும் இடத்தில் ஒரு பள்ளம். இடுப்பு வரும் இடத்தில் ஒரு திமில். பகலில் உட்கார்ந்து வருகிறவர்கள் எல்லாரும் கீழ்ப்படுக்கையில்தான் உட்காருகிறார்கள். ஆகவே மென்மை வேண்டும் என்று மருத்துவக் காரணம் காட்டிக் கேட்டு வாங்கிய படுக்கைதான் அந்த ரயிலிலேயே மோசமான படுக்கை. மேலே கைவிட்டுக் குத்திப் பார்த்தார். அவையும் அதே ஒட்டகத்தின் குட்டிகள்தான்.

டீச்சர் படுத்தார். பத்து நிமிடத்தில் எழுந்தார். வெளியே நடைபாதையில் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நின்னுக்கிட்டே வர்றேன். வேடிக்கை பாக்கலாம்."

"இருட்டுல என்ன வேடிக்கை?"

"இருட்டுதான்."

இன்னும் பத்து மணி நேரப் பயணம். இறங்கியதும் முந்நூற்றுப் பன்னிரண்டு படி. ஏற முடியாதவர்கள் அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்திருக்கலாம், அங்கே டீ நன்றாக இருக்கும் என்று வழிகாட்டி சாயங்காலமே ஆறுதல் சொல்லியிருந்தார். நடுப்பகலில் கோயிலைப் பூட்டிவிடுவார்கள், மறுநாள் வேறு ஊர். டீச்சரின் வலது கை கம்பியைப் பிடித்திருந்தது. இடது கை, அவருக்கே தெரியாமல், இடுப்பைப் பிடித்திருந்தது. அண்ணி அந்த இடது கையை மட்டும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு துணிச்சுருளை எடுத்தார். அதற்குள் கோணி ஊசி ஒன்று, வளைந்த ஊசி ஒன்று, மெழுகு பூசிய நூல்கண்டு, சின்னக் கத்தரி.

"சுற்றுலாவுக்கு எதுக்கு அண்ணி கோணி ஊசி?"

"நீ எதுக்குச் சிவப்பு மசிப் பேனா கொண்டு வந்த?"

படுக்கையின் அடியில் உறை நாடாவால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. நான்கு வெட்டு. உறை வாயைத் திறந்தது. மேலேயிருந்து பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். உறக்கம் வராதவருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. இறங்கி வந்து தன் கைவிளக்கை அடித்துப் பிடித்தார். திறந்த வாய்க்குள் வெளிச்சம் காட்டுவது அவருக்குப் பழகிய வேலை.

உள்ளேயிருந்து வந்தவை: மூன்று செய்தித்தாள் கட்டுகள், ஒரு பாதிப் போர்வை, சீருடைக் கோட்டின் ஒரு கை, சோப்பு அட்டைப்பெட்டி ஒன்று. பள்ளம் விழ விழ யாரோ திணித்துத் திணித்து, பள்ளம் அப்படியே இருக்க, திணித்தது நகர்ந்து நகர்ந்து திமிலாகியிருந்தது.

"உள்ள இருக்கற சொத்தையை எடுக்காம மேல அடைச்சா இப்படித்தான்" என்றார் பல் டாக்டர்.

"அதேதான் டாக்டர்" என்றார் அண்ணி. இரண்டு வித்வான்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

ஃபோமைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பி, கவிழ்த்துப் போட்டார். பாதிப் போர்வையை நான்காக மடித்துப் பழைய பள்ளத்துக்கு அடியில் கொடுத்தார். ரயில் ஆடிய ஆட்டத்தில் உதவிக்கு வந்த டீச்சரும் பல் டாக்டரும் நெற்றியோடு நெற்றி இரண்டு முறை மோதிக்கொண்டார்கள். டீச்சர் முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, ஒரு நிமிடத்துக்கு என்று ஃபோமின் மேல் வைத்தார்.

இங்கே பட்டறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குஷன் தைப்பவர்களுக்கு என்றே ஒரு பிழை உண்டு: கையிலிருந்ததை உள்ளே வைத்துத் தைத்துவிடுவது. அண்ணியின் பட்டறையிலிருந்து ஒரு தியேட்டர் நாற்காலி கத்தரியோடு போயிருக்கிறது. ஒரு பேருந்து இருக்கை அண்ணனின் கைக்கடிகாரத்தோடு போய், அந்த ஓட்டுநர் எஞ்சினில் டிக் டிக் சத்தம் என்று மெக்கானிக்கிடம் இரண்டு முறை காட்டினார். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: கடைசித் தையலுக்கு முன் கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எல்லாம் வெளியே இருந்தால்தான் தையல்.

ரயிலிலும் சட்டம் காப்பாற்றப்பட்டது. வருகைப் பதிவு எடுக்கும் பொறுப்பை டீச்சர் தானாகவே ஏற்றுக்கொண்டார்.

"கத்தரி?"

"உள்ளேன் டீச்சர்."

"கோணி ஊசி? வளைஞ்ச ஊசி? நூல்கண்டு?"

"உள்ளேன், உள்ளேன், உள்ளேன்."

"டாக்டரோட விளக்கு?"

"இதோ, கையிலதான் இருக்கு."

பதிவேட்டில் இருந்த எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணி உறையை இழுத்து மூடிப் பதினெட்டுத் தையல் போட்டார். உள்ளங்கையால் ஒருமுறை நீவிப் பார்த்தார். தலைமாட்டில் ஏதோ சின்னதாகத் தட்டுப்பட்டது. செய்தித்தாள் மிச்சம் என்று விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தொப்பிக்காரர் வந்தார். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பான ரயில் அலுவலர். உயரம், பெரிய மீசை, பெரிய குரல். தரையில் தன் ரயிலின் குடலெல்லாம் கிடப்பதைப் பார்த்தார். அவர் பேசியதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை, பொருள் முழுக்கப் புரிந்தது. வழிகாட்டியைத் தட்டி எழுப்பிக் கூட்டி வந்தார்கள்.

"அரசாங்கச் சொத்தை நாசம் பண்ணிட்டீங்களாம். அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விடுவாராம்" என்றார் வழிகாட்டி, அழாத குறையாக.

டீச்சரின் முகம் வெளுத்தது. அண்ணி ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"இறக்கி விடட்டும் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் இதுல படுத்துப் பாக்கச் சொல்லு."

"அம்மா, அவர் டியூட்டில இருக்காரும்மா."

"படுத்தா டியூட்டி ஓடியா போயிடும்? சொல்லேன்."

வழிகாட்டி சொன்னார். தொப்பிக்காரர் முறைத்தார். பிறகு, குற்றம் எவ்வளவு பெரியது என்று அளந்து பார்ப்பவர்போல, தொப்பியோடு படுத்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. இன்னொரு நிமிடமும் ஆயிற்று. தொப்பி கழன்று மார்பின் மேல் வந்தது. அவர் எழுந்தபோது குரல் இறங்கியிருந்தது. வழிகாட்டியிடம் ஏதோ கேட்டார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"பெட்டி ஓரத்துல அவருக்குன்னு ஒரு மடக்கு இருக்கை இருக்காம். அதுல ஒரு ஆணி குத்துதாம். பன்னெண்டு வருஷமா."

"பன்னெண்டு வருஷமா!" என்றார் அண்ணி. அவர் குரலில் அந்தப் பயணத்தில் முதல்முறையாக உண்மையான இரக்கம் கேட்டது. "வரச் சொல்லு."

ஆணி பிடுங்கப்பட்டது. இருக்கையின் மேல் அந்தச் சீருடைக் கோட்டின் கை மடித்துத் தைக்கப்பட்டது. தொப்பிக்காரர் மூன்று கோப்பை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். விடியும் வரை அவரை யாரும் எழுப்பவில்லை. ரயில் அதன்பாட்டுக்குப் போயிற்று. அண்ணி மேல்படுக்கைக் குட்டி ஒட்டகத்தின் மேல் இருபது நிமிடம் போலவே எட்டு மணி நேரமும் தூங்கினார்.

டீச்சரை மூன்று பேர் உலுக்கித்தான் எழுப்ப முடிந்தது. ரயில் நிற்பது நான்கே நிமிடம். அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நடைமேடையில் டீச்சர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி முறித்தார், இப்படியும் அப்படியும் குனிந்தார், பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பில் நிற்பவர்போல்.

"அண்ணி! பத்து வருஷத்துல இப்படித் தூங்கினதில்ல. வலியே இல்ல! தலைமாட்டுல மட்டும் என்னமோ லேசா உறுத்திச்சு. அது கிடக்கட்டும். என் கண்ணாடி எங்க?"

ரயில் நகரத் தொடங்கியிருந்தது.

அண்ணி தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு போய்க்கொண்டிருந்த ரயிலைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்க்காமல், "உள்ள வச்சுத் தச்சிட்டேன்" என்றார்.

கடைசிப் பெட்டியும் கடந்து போயிற்று. மாற்றுக் கண்ணாடி இருந்தது. அதே கண்ணாடிக் கூட்டுக்குள், ஒன்றின் மேல் ஒன்றாக, துணி சுற்றி. டீச்சர் ஒழுங்கானவர், எதையும் அதனதன் இடத்தில் வைப்பவர். ஒழுங்கானவர்களுக்குத் தொலைந்தால் எல்லாம் சேர்ந்து தொலையும்.

"முதுகைக் காப்பாத்திட்டீங்க" என்றார் டீச்சர் கடைசியில். "கண்ணை?"

அண்ணி குழுவினர் பக்கம் திரும்பி, கண்ணாடி கேட்டுக் கையை நீட்டினார்.

குழுவிலிருந்த எல்லார் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் புத்தகம் படிக்கும் கண்ணாடி. டீச்சருக்கோ கிட்டப்பார்வை, கைநீளத்துக்கு அப்பால் உலகமே கஞ்சி. வழிகாட்டி நல்ல மனிதர். மேலே போய்த் தன் போனில் படம் பிடித்துக் கிட்டத்தில் காட்டுகிறேன் என்றார்.

"படத்தைத்தான் முப்பத்து நாலு வருஷமா பாத்துட்டேனே" என்றார் டீச்சர்.

ஆனாலும் ஏறினார். அதுதான் டீச்சர். அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு படியையும், முதுகு ஒரு முனகல்கூட இல்லாமல். அண்ணி ஒவ்வொரு படியையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார். நூற்று நாற்பதில் ஒரு எண்ணை விட்டுவிட்டார், டீச்சர் திருத்தினார். அதிலிருந்து அண்ணிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. திருத்துகிற அளவுக்கு இவளுக்கு மனசு தேறியிருக்கிறது.

சுவர் பெரியது. அரசர் இரண்டு ஆள் நீளம். பதினைந்தடி தள்ளிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு ஒரு காவலர். டீச்சர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்தது மஞ்சளாக ஒரு வெளிச்சம், நடுவில் பழுப்பாக ஒரு நீளம். வழிகாட்டி மன்னரின் ஆட்சிக்காலத்தை ஆரம்பித்தார். அது டீச்சருக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. என்ன இருக்கு?"

"நானா? எனக்கு என்ன தெரியும்? ஒரு ஆள் படுத்திருக்கான்."

"ஆள் இல்ல, அரசர். படுத்திருக்கார்."

"சரி, படுத்திருக்காரு."

"தலை எந்தப் பக்கம்?"

"உன் சோத்தாங்கைப் பக்கம்."

"கால்மாட்டுல எத்தனை பேர்?"

"ஒம்பது. இல்ல, பத்து. ஒருத்தன் தூங்கறான்."

டீச்சரின் முகம் கொஞ்சம் திறந்தது. தீப்பெட்டிப் படத்தில் தூங்குகிறவன் இல்லை. "அரசரோட கை எங்க இருக்கு?"

"ஒண்ணு தொடை மேல. இன்னொண்ணு முழங்கையை ஊணித் திண்டு மேல."

"என்ன திண்டு? அது கல் பீடம் அண்ணி. ஏழாம் பாடத்துலயே இருக்கு."

"பீடமா?" அண்ணி கண்ணைச் சுருக்கினார். கயிற்றின் மேல் எவ்வளவு சாயலாமோ அவ்வளவு சாய்ந்தார். அதன்பிறகு பேசியது வேறு ஆள். "யார் சொன்னது பீடம்னு? இது திண்டு. அசல் திண்டு. முழங்கை ஊணின இடத்துல நாலு விரல் ஆழத்துக்கு அமுங்கியிருக்கு பாரு. அங்கயிருந்து மடிப்பு சுத்திலும் போவுது, கதிர் மாதிரி. எட்டு, ஒம்பது மடிப்பு. அமுங்கினது எங்க போகும்? ஓரத்துக்குத்தான் தள்ளிக்கிட்டு வரும். வந்திருக்கு! அந்த முனை உப்பியிருக்கு, கட்டின கயிறு தெறிக்கிற மாதிரி. வைக்கோல் இப்படி அமுங்காது, நார் இப்படி உப்பாது. இது பஞ்சு. நல்ல பஞ்சு, ஆனா அடைச்சு ரொம்ப நாளாச்சு."

"அண்ணி, அது கல்லு."

"தெரியும்டி! செதுக்கினவன் ஒரு திண்டை எதிர்ல வச்சுக்கிட்டுத்தான் செதுக்கியிருக்கான். இல்ல, அவன் வீட்டுல யாரோ தைக்கிறவங்க இருந்திருக்காங்க."

அண்ணி டீச்சரை 'டி' போட்டது அதுதான் முதல்முறை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. வழிகாட்டி மட்டும் ஆட்சிக்காலத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பல் டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

அண்ணி விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே போனார். துணியின் கரை, முனையில் குஞ்சம், குஞ்சத்தில் அறுந்துபோன ஓர் இழை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருந்து என்ன பயன்? மூடியதும் மஞ்சளும் பழுப்பும் போய், அந்தத் திண்டு மடிப்பு மடிப்பாக வந்து நின்றது. அதன்மேல் முழங்கை, முழங்கைக்கு மேல் தோள், தோளுக்கு மேல்...

"முகம்" என்றார் டீச்சர். "முகத்தைச் சொல்லுங்க. புருவம் சுருங்கியிருக்கா?"

"ம். சுருங்கியிருக்கு."

"அதான் நாட்டைப் பத்தின கவலை. எல்லையில பகை, கருவூலத்துல..."

"இரு, இரு." அண்ணி முகத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து திண்டுக்கும் பார்வையை இறக்கினார். "அய்யய்யோ."

"என்ன அண்ணி?"

"தையலை மேல வச்சிட்டான்."

"என்னது?"

"திண்டை மூடித் தைக்கிற தையல் எப்பவும் அடியில போவணும். இது மேல போவுது, தடியா, முடிச்சு முடிச்சா. அது மேலயே முழங்கையை ஊணிட்டு சாஞ்சிருக்காரு பாவம். பகையுமில்ல, கருவூலமுமில்ல. தையல் உறுத்துது டீச்சர்! உறுத்தினா மூஞ்சி அப்படித்தான் போவும். நேத்து ராத்திரி அந்த ஒட்டகத்துல படுத்தப்ப உன் மூஞ்சி அச்சு அசல் இதேதான்."

முப்பத்து நான்கு ஆண்டு, ஐந்து மதிப்பெண் வீதம், டீச்சரின் மனதில் ஒரு கூட்டல் நடந்தது. பிறகு சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதாலும். வயதான முதுகு தாங்காது என்று எலும்பு டாக்டர் எச்சரித்த சிரிப்பு. முதுகு தாங்கியது.

"அத்தனை பிள்ளைங்களுக்கும் மார்க் போட்டேனே அண்ணி! 'கவலை'ன்னு எழுதாதவங்களுக்குக் குறைச்சேனே!"

"ஒருத்தராவது 'தையல்'னு எழுதலையா?"

"எழுதியிருந்தா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன்!"

பல் டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கயிற்றுக் காவலருக்கு மொழி புரியவில்லை. ஆனாலும் இவர்கள் கைகாட்டும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே நின்றிருந்தவர் அவர்.

அது உண்மையில் தையல்தானா, கல்லில் ஓடிய வெறும் நரம்பா என்று இதை எழுதுகிறவருக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது; ஊருக்குத் திரும்பியதும் பாடநூல் அலுவலகத்துக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதிப் போட்டார், பதில் வரவில்லை. கண்ணாடிக்காக ரயில் அலுவலகத்துக்கு வழிகாட்டி சொல்லிப் பார்த்தார். எந்தப் படுக்கை என்று கேட்டார்கள். நன்றாக இருக்கும் படுக்கை என்று சொல்லச் சொன்னார் அண்ணி. இரண்டு கண்ணாடியும் இன்னும் அந்த நாட்டில் இரவெல்லாம் பயணம் செய்துகொண்டிருக்கின்றன. பட்டறையில் இப்போது கடைசித் தையலுக்கு முன் கூப்பிடும் பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கிறது. கத்தரி, ஊசி, நூல்கண்டு ஆனதும் அண்ணி மாடிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்: "டீச்சர் கண்ணாடி?" மேலேயிருந்து பதில் வந்த பிறகுதான் ஊசி இறங்கும்.

சுற்றுலா முடிந்ததும் நிறுவனம் கருத்துப் படிவம் அனுப்பியது. பயணி எண் 14 பயணத்தின்போது பெற்ற உதவிகளைக் குறிப்பிடவும் என்று ஒரு கேள்வி. அந்த இடத்தை டீச்சர் காலியாக விட்டார்.

பயணி எண் 14 செய்தது இது: ஒரு ரயில் படுக்கையைப் பிரித்துத் தைத்தார், ஓர் ஆணியைப் பிடுங்கினார், இரண்டு கண்ணாடிகளைத் தொலைத்தார், பிறகு கோயில் பூட்டும் வரை இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டே, தன் நாத்தனாருக்கு ஒரு சுவரைச் சொல்லிக் காட்டினார்.